வருத்தம் வந்ததும் எங்களுக்கு, விசாரணையும் எங்களுக்கோ?

ஆறு வயதுப் பிள்ளைக்கு மலத்தோடு இரத்தம் போனதென்று எழுதினால், "அதை நாங்கள் ஏற்கவில்லை, நிரூபியுங்கள்" என்று பதில் எழுத ஒரு கொம்பனிக்கு எப்படி மனம் வருகிறது? அந்தக் கடிதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்கவும் முடியவில்லை, கிழித்தெறியவும் முடியவில்லை. அதன் கடைசிப் பந்தியில், பொய்யாக நட்டஈடு கோருவோர்மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம், சிறைக்கும் போக நேரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அது பொதுவான எச்சரிக்கை, எல்லாருக்கும் போடுவதுதான் என்று சட்டத்தரணி சொன்னார். எங்கள் வீட்டுக் கதவுத் துவாரத்தால் விழுந்த கடிதம் எங்களுக்கு எப்படிப் பொதுவானதாகும்?

நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல மாமியின் முகம் செத்துப்போய்விட்டது. 95ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாரோடும் சேர்ந்து, கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட மனுசி அவர். முத்திரை குத்திய கடிதம் என்றாலே இன்னும் கை நடுங்கும். "உதை விடு பிள்ளை. எங்களுக்கேன் கோடு கச்சேரி? பிள்ளை உயிரோடை இருக்கிறாள், அது காணும்" என்றார். அன்று இரவு அவர் சாப்பிடவேயில்லை.

காணாது மாமி. நான் விடப் போவதில்லை.

என் கணவர் லண்டனில் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு ஆரம்பப் பாடசாலையின் குசினியில் வேலை செய்கிறேன். இரண்டு சம்பளத்திலும் மிச்சம்பிடித்துத்தான் துருக்கியின் அந்தாலியாக் கரைக்குப் போனோம். விமானம், ஹொட்டேல், மூன்று வேளைச் சாப்பாடு, குடிவகை எல்லாம் ஒரே விலைக்குள். வயதான மாமியையும் சின்னப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு வெயிலில் சாப்பாட்டுக்கடை தேடி அலையத் தேவையில்லை என்பதற்காகவே அதைத் தெரிவுசெய்தோம். கையில் நிறப்பட்டி ஒன்று கட்டிவிடுவார்கள். அதைக் காட்டிவிட்டு எந்த நேரமும் சாப்பிடலாம். காசு முழுக்க முன்கூட்டியே கட்டியாயிற்று, வெளியில் ஒரு தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாங்கள் உண்டதெல்லாம் அந்த ஹொட்டேல் குசினியில் இருந்து வந்தது மட்டுந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமிக்கும் எனக்கும் வெள்ளி என்றால் சைவம், எந்தத் தேசத்தில் நின்றாலும் அது மாறாது. இவரும் மகளும் கோழி எடுத்துச் சாப்பிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைக்குக் காய்ச்சல். இரவு சத்தி தொடங்கியது, பிறகு வயிற்றோட்டம். விடியும் முன்னம் இவருக்கும் அதே. ஞாயிறு காலை பிள்ளையின் மலத்தில் இரத்தத்தைக் கண்டேன். "அம்மா, எனக்குள்ள ஏதோ உடைஞ்சு போச்சு" என்று அவள் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், தூக்கினால் தலை நிற்காமல் தோளில் சரிந்தது.

கீழே இறங்கிப் போய், சுற்றுலாக் கொம்பனியின் பிரதிநிதியிடம் சொன்னேன். வெயிலாக இருக்கலாம் என்றார். நீச்சல் குளத்துத் தண்ணீர் குடித்திருக்கலாம் என்றார். புதுச் சாப்பாடு சின்னப்பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். பிள்ளையை வந்து பார்க்காமலே மூன்று காரணம் அவர் வாயில் தயாராக இருந்தது. நான் சொன்னதை ஒரு படிவத்தில் எழுதினார், பிரதி தரமாட்டேன் என்றார்.

தனியார் வைத்தியசாலை ஒன்றில் பிள்ளைக்குச் சேலைன் ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பொடியன், அவனுக்கும் சேலைன். அவன் கையிலும் எங்கள் நிறத்துப் பட்டி. அவனுடைய தாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்களுக்குப் பொதுப்பாஷை இல்லை. அவர் தன் பிள்ளையின் பட்டியையும் என் பிள்ளையின் பட்டியையும் விரலால் தொட்டுக்காட்டித் தலையில் கை வைத்தார். இப்போது கொம்பனி எழுதுகிறது: அந்தக் கிழமையில் அந்த ஹொட்டேலில் வேறு எவருக்கும் வருத்தம் வந்ததாகப் பதிவில்லையாம். பதிவில் இல்லாவிட்டால் அந்தப் பொடியனும் அங்கே இருக்கவில்லையா?

அன்று மாலை பிள்ளைக்குத் தயிரும் வெறும் சோறும் எடுக்கப் பஃபேக்குப் போனபோது, கோழித் தட்டை நின்று பார்த்தேன். அது என் தொழில், பார்க்கத் தெரியும். எங்கள் பாடசாலையில் கோழி வெந்ததும், ஆகத் தடித்த துண்டின் நடுவில் வெப்பமானி ஊசியைக் குத்துவோம். 75 பாகை காட்டவேண்டும். பரிமாறும் தட்டில் 63 பாகைக்குக் கீழே இறங்கவிடக்கூடாது, அதற்குக் கீழே கிருமி பெருகத் தொடங்கும். ஊசியைத் துடைத்து, அடுத்த தட்டில் குத்தி, நேரத்தையும் பாகையையும் தாளில் எழுதிக் கையெழுத்து வைப்போம். அங்கே மூடியைத் தூக்கினேன், ஆவி எழவில்லை. பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டேன், சுடவில்லை. பணியாள் ஒருவர் புதுக்கோழி கொண்டுவந்து பழையதன் மேலேயே கொட்டினார். அடியில் கிடந்தது அடியிலேயே கிடந்தது. படம் எடுத்தேன். அந்தப் பணியாள்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு என்ன சம்பளமோ, எத்தனை மணிநேரம் நிற்கிறாரோ. அப்படிச் செய்யச் சொன்னவர்கள்மேல்தான் கோபம்.

படத்தைக் கண்ட கொம்பனியின் பதிலைக் கேளுங்கள். படத்தில் வெப்பநிலை தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் படம் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குச் சாட்சியாகாது. அதோடு, "உணவுச் சுகாதாரச் சான்றிதழ் வைத்திருக்கும் நீங்கள், சந்தேகம் இருந்தால் குடும்பத்தை ஏன் அங்கே சாப்பிடவிட்டீர்கள்?" என் படிப்பையே எடுத்து என் கழுத்தில் வைக்கிறார்கள். பிள்ளை விழுந்த பிறகுதான் நான் அந்தத் தட்டைப் போய்ப் பார்த்தேன் என்பது என் வாக்குமூலத்தில் தெளிவாக இருக்கிறது. வாசித்தவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள்.

லண்டனுக்குத் திரும்பிய கையோடு குடும்ப வைத்தியரிடம் ஓடினோம். இரண்டு பேரின் மலத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டிலும் சல்மொனெல்லா. இங்கிலாந்தில் அந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டால் ஆய்வுகூடம் பொதுச் சுகாதாரத் துறைக்கு அறிவித்தே ஆகவேண்டும். கவுன்சிலின் சுகாதார அதிகாரி ஒருவர் தொலைபேசி எடுத்தார். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே, எப்போது, யார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில் "பிள்ளை இப்போது தண்ணீர் குடிக்கிறாளா?" என்று கேட்டார். அதே கேள்விகளைத்தான் கொம்பனியும் பிறகு கேட்டது, அந்தக் கடைசிக் கேள்வியைத் தவிர.

கொம்பனி முதலில் அனுப்பியது அடுத்த விடுமுறைக்கான கழிவுச் சீட்டு. எங்கள் பிள்ளையைக் கிடத்திய அதே ஆட்களிடம் திரும்பவும் காசு கட்டிப் போங்கள் என்பதற்கு ஒரு சீட்டு! அதைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சட்டத்தரணி தேடினேன்.

இந்த நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2018 ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த பக்கேஜ் பயண விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: பயணத்தைக் கட்டி விற்றவரே அதிலுள்ள ஒவ்வொரு சேவைக்கும் பொறுப்பு, ஹொட்டேலை நடத்துவது வேறு எவராக இருந்தாலும் சரி. அதற்கு முன்பு 1992ஆம் ஆண்டு விதிகளிலும் இந்தப் பொறுப்பு இருந்தது. துருக்கிக்குப் போய், துருக்கி மொழியில், துருக்கி நீதிமன்றத்தில் நின்று வழக்காடு என்று எங்களைப் போன்றவர்களை எவரும் அலைக்கழிக்கக் கூடாது என்பதற்காகவே வந்த சட்டம் இது. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. டொமினிக்கன் குடியரசில் எல்லாம் உள்ளடங்கிய ஹொட்டேலில் தங்கி நோய்ப்பட்ட ஒரு தம்பதி டூயி நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. தட்டில் போடும் சாப்பாடு விற்ற பண்டத்துக்குச் சமம், அது உண்ணத்தக்க தரத்தில் இருந்தே ஆகவேண்டும், குசினி கவனமாக நடந்தது என்று சொல்லிக் கொம்பனி தப்பமுடியாது என்று தீர்ப்பானது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதிகள் ஒரு எச்சரிக்கையும் வைத்தார்கள்: வருத்தம் வந்தது என்பது மட்டும் போதாது, சாப்பாட்டால்தான் வந்தது என்பதை நோய்ப்பட்டவர் நிரூபிக்கவேண்டும், அது எப்போதும் இலகுவாக இராது. கொம்பனிகள் தீர்ப்பின் முன்பாதியை மறந்துவிட்டன, பின்பாதியைப் பாடமாக்கி வைத்திருக்கின்றன.

நிரூபிப்பதென்றால் என்ன? 2014இல் துருக்கியில் எல்லாம் உள்ளடங்கிய ஹொட்டேலில் தங்கிய கிரிஃபித்ஸ் என்பவர் கடுமையாக நோய்ப்பட்டு அங்கேயே வைத்தியசாலையில் கிடந்தார், அவரும் டூயிமீது வழக்குப் போட்டார். அவருடைய மலத்தில் ஒட்டுண்ணியும் இருந்தது, வைரசும் இருந்தது. ஹொட்டேல் சாப்பாடே காரணமாக இருக்கக்கூடும் என்று நுண்ணுயிரியல் பேராசிரியர் ஒருவர் அறிக்கை கொடுத்தார். டூயி தன் பக்கத்தில் ஒரு நிபுணரைக்கூடக் கூப்பிடவில்லை, அந்தப் பேராசிரியரைக் குறுக்கு விசாரணை செய்யவும் இல்லை. எல்லாம் முடிந்து கடைசி வாதத்தில், அறிக்கை போதாது என்றது. வழக்கு முதலில் தோற்றது, உயர் நீதிமன்றத்தில் வென்றது, மேன்முறையீட்டில் மறுபடி தோற்றது. 2023 நவம்பரில்தான் பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது: நிபுணரின் சாட்சியத்தைத் தாக்குவதென்றால் அவர் முகத்துக்கு நேரே கேட்கவேண்டும், விளக்கம் சொல்ல அவருக்கு இடம் கொடுக்கவேண்டும். ஒரு வயிற்றுநோய் வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் முடிய ஒன்பது வருடம் எடுத்தது. அந்த மனிதர் களைத்து வீட்டில் இருந்திருந்தால், அந்தத் தீர்ப்பு இன்று எனக்கும் இல்லை.

எங்கள் சட்டத்தரணி நல்ல தம்பி. மறைக்காமல் சொன்னார்: "அக்கா, உண்மை எங்கடை பக்கம்தான். ஆனா காசுக்கணக்கு எங்கடை பக்கம் இல்லை." 2018 மே மாதத்திலிருந்து இந்த விதமான வழக்குகளில் வென்றாலும், தோற்றவரிடமிருந்து எடுக்கக்கூடிய சட்டச் செலவுக்கு வரம்பு போட்டுவிட்டார்கள். அதற்குள் நிபுணர் அறிக்கை, மொழிபெயர்ப்பு, கடிதப் போக்குவரத்து எல்லாம் பார்த்து ஒரு சட்டத்தரணியும் தன் வேலைக்குக் காசு எடுக்கவேண்டும். அதனால் சின்ன வழக்கு என்றால் பலர் தொடுவதே இல்லை. அவருக்கு முன்பு நான் கேட்டவர்கள் மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள். ஆறு வயதுப் பிள்ளை சேலைனில் கிடந்தது அவர்களுடைய கணக்கில் சின்ன வழக்கு.

ஏன் வரம்பு போட்டார்கள் என்றும் எனக்குத் தெரியும். கள்ளர்கள் இருந்தார்கள். ஸ்பெயின் கரைகளில் முகவர்கள் திரிந்து, வருத்தமே வராதவர்களிடம்கூட "வயிறு சரியில்லை என்று எழுதுங்கள், காசு எடுத்துத் தருகிறோம்" என்றார்கள். நல்லாகச் சாப்பிட்டுக் குடித்துத் திரும்பியவர்கள் பொய்க்கணக்குப் போட்டார்கள். 2017இல் மேர்சிசைட்டைச் சேர்ந்த ஒரு சோடி அப்படிச் செய்து பிடிபட்டுச் சிறைக்குப் போனது. போகத்தான் வேண்டும். அவர்கள்மேல் கொம்பனிக்கு இருக்கும் கோபத்தைவிட எனக்குக் கூடக் கோபம் இருக்கிறது. அவர்கள் தண்டனையை முடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சந்தேகத்தை என் பிள்ளை சுமக்கிறாள். அவள் இரண்டு பரிசோதனைக் குழாயும் ஒரு வைத்தியசாலைப் பற்றுச்சீட்டும் கொண்டு வந்த பிள்ளை. கள்ளன் கொண்டு வந்தது வெறும் வாய்.

கொம்பனி எங்களிடம் கேட்ட கேள்விகளைக் கொஞ்சம் சொல்கிறேன். பயணத்துக்கு முந்திய மூன்று நாளும் வீட்டில் என்ன சமைத்தீர்கள்? விமான நிலையத்தில் என்ன சாப்பிட்டீர்கள்? சல்மொனெல்லா உடம்பில் புகுந்து 6 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் வெளிக்காட்டும் என்பது எங்கள் குசினிப் பயிற்சியிலேயே சொல்லித்தருவது. பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்கும்போது லண்டனை விட்டு அந்த 72 மணி நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அது அவர்களுக்கும் தெரியும். கேள்விக்குப் பதில் தேவையில்லை, எங்களைக் களைக்கப்பண்ணினால் போதும். துருக்கி வைத்தியசாலையில் மலப் பரிசோதனை செய்யவில்லையே, ஆகவே திரும்பி வரும் வழியில் தொற்றியிருக்கலாம் என்கிறார்கள். பிறகேன் அங்கே சேலைன் ஏற்றினார்கள்? மகள் கடற்கரையில் சிரித்தபடி நிற்கும் படத்தை முகநூலிலிருந்து எடுத்து, "இது நோய்ப்பட்ட பிள்ளையா?" என்று கேட்டார்கள். அது வியாழக்கிழமைப் படம். திகதி படத்தின் கீழேயே இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது இதுதான். நால்வரும் ஒரே பஃபேயில் சாப்பிட்டீர்கள், இருவருக்குத்தான் வருத்தம் என்றால் சாப்பாட்டில் பிழை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோழியைத் தின்ற இருவரும் விழுந்தார்கள், தின்னாத இருவரும் விழவில்லை. இதைவிடத் துலக்கமாக எந்த ஆய்வுகூடம் சொல்லும்? வெள்ளிக்கிழமை நாங்கள் மச்சம் தொடமாட்டோம் என்று எழுதினேன். மதரீதியான பழக்கத்துக்கு எழுத்து ஆதாரம் உண்டா என்று கேட்டுத் திரும்பக் கடிதம். மாமியிடம் இதை நான் சொல்லவில்லை. ஷெல் விழுந்தபோதும் அகதி முகாமிலும் விடாத விரதத்துக்கு அந்த மனுசி யாரிடம் போய்ச் சான்றிதழ் வாங்குவார்?

பிள்ளை தேறிவிட்டாள். இவர் தேறவில்லை. கிருமி போனாலும் குடல் பழையபடி ஆகவில்லை. கடுமையான தொற்றுக்குப் பிறகு சிலருக்கு இப்படி மாதக்கணக்காக, வருடக்கணக்காகவும் இருக்கும் என்று வைத்தியர் சொன்னார். அலுவலகத்தில் இருப்பவர் எழுந்து போகலாம். பஸ் ஓட்டுபவர் எங்கே போவார்? மேலும் கீழுமாகச் சனத்தை ஏற்றிக்கொண்டு, வியர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த முனையம் வரை ஓட்டவேண்டும். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். வேலை முடியும்வரை பச்சைத்தண்ணீரும் தொடமாட்டார். மேலதிக நேர வேலை எடுப்பதை நிறுத்தினார், வீட்டுக் கடன் தவணை நிற்கவில்லை. "இஞ்சேருங்கோ, இண்டைக்கு ஒருநாள் லீவு போடுங்கோவன்" என்றால், "எத்தினை நாளைக்கு இஞ்சப்பா?" என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொம்பனியின் கடிதம் அவருடைய நிலையை "தற்காலிக அசௌகரியம்" என்கிறது. அதை எழுதிய கை ஒருநாள் அந்த ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இப்போது ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார்கள். பொறுப்பை ஏற்காமல், பிழையை ஒத்துக்கொள்ளாமல், வழக்கை முடிப்பதற்காக மட்டும். சட்டத்தரணி அதை எடுப்பதுதான் புத்தி என்கிறார். பிள்ளையின் பங்குக்கு நீதிபதி ஒருவரின் ஒப்புதல் வேண்டும், அவளுடைய உரிமை அவளுக்கு 21 வயது ஆகும்வரை உயிரோடு இருக்கும் என்றும் சொன்னார். இவருக்கு அப்படியில்லை, மூன்று வருடந்தான். எனக்குக் காசு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வேண்டும். இழந்த சம்பளம் இருக்கிறது, வைத்தியச் செலவு இருக்கிறது, அது எங்கள் வியர்வை. ஆனால் "பிழை எங்களுடையது" என்ற ஒரு வரி இல்லாமல் வரும் காசு, வாயை மூடு என்று தரும் காசு. அதை வாங்கினால் மாமியின் பயம் சரியென்று ஆகிவிடும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது, விமான நிலையத்தில் என்ன கடித்தோம், முகநூலில் எப்போது சிரித்தோம் என்று எல்லாம் கேட்டு வாங்கிவிட்டார்கள். கேட்டதெல்லாம் கொடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமை ஹொட்டேல் குசினியில் கோழியின் நடுவில் ஊசி குத்திப் பார்த்தார்களா? எத்தனை பாகை இருந்தது? எத்தனை மணிக்கு வெளியே வைத்தார்கள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள்? யார் கையெழுத்து வைத்தார்? நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கும் எங்கள் பாடசாலையில் ஒரே நிமிடத்தில் அலுமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டுவேன். எல்லா நாட்டுச் சனமும் வந்து சாப்பிடும் ஹொட்டேலில் அந்தத் தாள் இருக்கிறதா, இல்லையா? எங்கள் சட்டத்தரணி எழுத்தில் கேட்டும் இன்றுவரை ஒரு பக்கம் வரவில்லை. அந்தத் தாளைக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால், இல்லை என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள்.